வேலை பார்த்துக்கொண்டே பிளஸ்-2 எழுதப் போறீங்களா? பாடத்தை தேர்வு செய்வதில் உஷார்!

10-ம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு போனவர்கள், பிளஸ்-2வில் ஒன்றிரண்டு பாடத்தில் கோட்டை விட்டவர்கள் என்று எத்தனையோ வாலிபர்களும், இளம்பெண்களும் வீட்டில் இருந்தபடியே படித்து பிளஸ்-2 எழுதுகிறார்கள். பகலில் பனியன் கம்பெனி, ஒர்க்‌ஷாப், ஜவுளிக்கடை. ராத்திரியில் புத்தகம். பாடுபட்டு பாசும் ஆகிவிடுகிறார்கள். காலேஜுக்கு விண்ணப்பம் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. "நீ எழுதுன பாடத்துக்கு இந்த கோர்ஸ் கிடைக்காதுப்பா" என்று திருப்பி அனுப்பி விடுகிறார்கள்.

"எது ஈஸியோ அதை எழுது" என்று பக்கத்து வீட்டுக்காரரோ, டுடோரியல்காரரோ சொல்வதை கேட்டு பாடத்தை எடுப்பதுதான் இதற்கு காரணம். எந்த காலேஜ் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு என்ன பாடம் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு பிறகுதான் தேர்வுக்கு பீஸ் கட்ட வேண்டும்.

என்னென்ன வழி?

பள்ளியில் படித்து பெயிலானவர்களுக்கு சுலபமான வழி, தமிழக அரசு தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வில் தனித்தேர்வராக எழுதுவது. பெயிலான பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தமிழ் வழியிலேயே எழுதலாம். அறிவிப்பு வந்ததும் அந்தந்த மாவட்டத்தில் உள்ள அரசு தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பிளஸ்-1 பக்கமே போகாதவர்களுக்கு தேசிய திறந்தநிலை பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். உள்ளது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த நிறுவனம் 1989-ல் தொடங்கப்பட்டது. சென்னையில் மண்டல மையம் இருக்கிறது. 10-ம் வகுப்பு பாஸ் செய்தவர்கள் இங்கே பிளஸ்-2வுக்கு பதிவு செய்யலாம். மொத்தம் 5 பாடம். அதில் ஒரு மொழிப்பாடமாவது இருக்க வேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் 5 வருடம் செல்லும். வருடத்துக்கு 2 தடவை தேர்வு. எல்லா பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. இந்த தடவை 2, அடுத்த தடவை 3 என்று பிரித்து எழுதலாம். ஆனால் எந்த பாடத்தை எந்த மொழியில் எழுதலாம் என்பதை பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

10-ம் வகுப்புக்கு பிறகு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. பிளஸ்-2 தமிழ், ஆங்கிலம் ஆகிய 2 மொழிப்பாடங்களை எழுதி பாஸ் செய்தால், பிளஸ்-2வுக்கு இணையான சான்று பெறலாம்.

எந்த படிப்புக்கு எந்த பாடம்?

என்ஜினீயரிங் ஆசை இருந்தால் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். தமிழக கவுன்சிலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆப் போடுகிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியலுடன் ஆங்கிலமும் தேவை. பி.பார்ம். என்றால் இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ, உயிரியலோ இருக்க வேண்டும். பி.காம். படிப்புக்கு பல காலேஜ்களில் வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுத்தவர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 5 வருட சட்டப்படிப்பு, பி.ஏ. படிப்புகளில் பலவற்றுக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

பிராக்டிக்கல் தொல்லை

வேலைக்கு போகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுக்கு செய்முறை தேர்வு உண்டு. புவியியல், மனையியல், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கும் உண்டு. என்.ஐ.ஓ.எஸ்.சில் எழுத்து தேர்வில் தனியாகவும், செய்முறையில் தனியாகவும் பாஸ் மார்க் எடுக்க வேண்டும். படிப்பு மையத்துக்கு நேரில் போய் பழகாமல் இது நடக்காது. முதலாளி லீவு தருவாரா என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

லீவு கிடைக்காதவர்களுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு, அரசியல் அறிவியல் போன்ற பாடங்கள் கைகொடுக்கும். ஆனால் நர்சிங் கனவோடு இருக்கும் பெண், பிராக்டிக்கலுக்கு பயந்து வரலாறு எடுத்தால் 2 வருட உழைப்பும் வீண்.

பாஸ் ஆனால் மட்டும் போதுமா?

என்.ஐ.ஓ.எஸ்.சில் பாஸ் மார்க் 33. மாநில பாடத்திட்டத்தில் 35. அதோடு நிறுத்திக்கொண்டால் பல கதவுகள் திறக்காது. என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு 3 முக்கிய பாடங்களின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். ஆகவே சமாளிக்க முடிகிற பாடங்களை நிதானமாக பிரித்து எழுதி மார்க்கை கூட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

ஏற்கனவே பிளஸ்-2 பாஸ் செய்து, ஒரு பாடம் மட்டும் இல்லாமல் தவிப்பவர்களுக்கும் வழி உண்டு. அந்த பாடத்தை மட்டும் என்.ஐ.ஓ.எஸ்.சில் தனியாக எழுதலாம். பிளஸ்-2வுக்கு பிறகு உயிரியலை கூடுதல் பாடமாக எழுதியவர்களும் நீட் தேர்வு எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

அரசு பள்ளி மாணவர்கள் அவசரப்படாதீர்கள்

இப்போது அரசு பள்ளியில் படித்துக்கொண்டு இருப்பவர்கள், "தனியாக எழுதிக்கலாம்" என்று பாதியில் நிற்பது பெரிய நஷ்டம். 2020-ல் மருத்துவ படிப்பிலும், 2021-ல் என்ஜினீயரிங்கிலும் கொண்டு வரப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கானது. வெளியே வந்து எழுதினால் அந்த வாய்ப்பு போய்விடும். குடும்ப கஷ்டம் என்றால் முதலில் தலைமை ஆசிரியரை பார்த்து பேசுங்கள்.

பிளஸ்-2வே எழுதாமல் நேராக திறந்தநிலை பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 10-ம் வகுப்பு, பிளஸ்-2, அதன்பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்கு செல்லும் என்று 2009-லேயே தமிழக அரசு உத்தரவு போட்டுவிட்டது.

"90 நாளில் பிளஸ்-2 சர்டிபிகேட், தேர்வே எழுத வேண்டாம்" என்று யாராவது வந்தால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான். 10-ம் வகுப்பு முடித்து 2 வருடம் ஆகாமல் முறையான பிளஸ்-2 சான்றிதழ் கிடைக்காது. யாரிடமும் ரொக்கமாக பணத்தை கொடுக்காமல், அரசு இணையதளத்தில் நேரடியாக பீஸ் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு, சேர நினைக்கும் காலேஜுக்கே ஒரு நடை போய், "இந்த 5 பாடம் எழுதினால் இந்த கோர்சில் சேர்ப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும், 2 வருடம் மிச்சமாகும்.