தமிழ்த் தரவக ஆய்வில் நினைவக அளவீடு: ‘மாகறல்’ என்னும் சொல்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

தேவாரம் போன்ற பெருந்தொகுதிக்குக் கணினிவழிச் சொல்லடைவு அமைக்குங்கால், நினைவகம் போதாமல் நிரல் இடையில் நிற்பதுண்டு. அதற்காகப் பனுவலைக் குறைத்தால் சொல்லெண்ணிக்கை பிழைபடும். எனவே, நிரல் கொள்ளும் நினைவகத்தை அளந்தறிதல் ஆய்வின் நம்பகத்தன்மையோடு தொடர்புடையது.

சொல்லும் பைட்டும்

ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலமாகிய மாகறலின் பெயரில் எழுத்துகள் 4. ஒருங்குறியில் துணைக்காலும் புள்ளியும் தனிக்குறியீடுகள் ஆதலின், குறியீடுகள் 6. யூடிஎஃப்-8 கோப்பில் குறியீட்டிற்கு 3 வீதம் 18 பைட், பைத்தான் 3.3 முதலாக நினைவகத்தில் 2 வீதம் 12 பைட். ஆயினும், ஒவ்வொரு சரத்திற்கும் அதன் வகை, நீளம் முதலியவற்றைக் குறிக்கும் தலைப்பகுதி தனியே சேரும். ஆகவே, தனிச்சொற்களாகப் பிரித்துப் பட்டியலிட்ட பனுவல் கோப்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும்.

அளவிடும் முறை

பைத்தானின் ‘கெட்சைஸ்ஆஃப்’ செயற்கூறு பட்டியலின் அளவை மட்டுமே தரும்; அதிலுள்ள சொற்களின் அளவைக் கூட்டாது. 2014இல் பைத்தான் 3.4உடன் வந்த ‘ட்ரேஸ்மேலாக்’, தான் தொடங்கப்பெற்றபின் பைத்தான் ஒதுக்கிய நினைவகத்தின் நடப்பளவு, உச்ச அளவு ஆகிய இரண்டையும் தரும். இறுதியில் நடப்பளவு குறைந்திருக்கலாம். நிரலை இடையில் நிறுத்துவது உச்சமே. பிறமொழியில் எழுதப்பட்ட நூலகங்கள் நேரடியாகக் கொள்ளும் இடம் இக்கணக்கில் வாராது. அதனை இயங்குதளத்தின் அளவீட்டால் அறிதல் வேண்டும்.

முடிவுரை

உச்சம் மிகுமாயின், பனுவலைக் குறைக்காது வரிவரியாகப் படித்து, சொல்லெண்ணிக்கையை மட்டும் நினைவகத்தில் வைத்தல் தகும். ஆய்வேட்டில் பைத்தான் பதிப்பு, கோப்பளவு, உச்ச அளவு ஆகியவற்றைக் குறிப்பின், பிறர் அவ்வாய்வை மீளச் செய்து சரிபார்க்க இயலும்.