நிறம் போனால் போதுமா?

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவுதான் தேங்கியது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம்.

உமி, மரத்தூள், கொட்டாங்கச்சி போன்றவற்றால் சாயத்தை மலிவாக நீக்கலாம் என்கின்றன கல்லூரி ஆய்வகங்கள். பருத்திக்கு ஏற்றும் சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது, உமியும் அப்படியே. அதனால் வெறும் உமியில் அது அதிகம் ஒட்டாது. கரியாக்கிப் பக்குவப்படுத்தினால், நுண்துளைகளில் ஒட்டும், தண்ணீர் தெளியும்.

ஆனால் கரி உப்பை எடுக்காது. தெளிந்த அந்தத் தண்ணீரும் பயிரைக் கருக்கும்.

சாயமும் அழிவதில்லை, கரிக்கு இடம் மாறுகிறது. அந்தக் கரியை அள்ளுவது யார்? கொட்டுவது எங்கே? கழிவுத் தொட்டியில் இறக்கப்படுவோர் பெரும்பாலும் நம் மக்கள். பல ஊர்களில் குப்பைமேடும் நம் காலனிப் பக்கமே. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆலைத் தொட்டிகளிலும் ஆள் இறங்கக் கூடாது என்கிறோம் நாம்.

மாணவர்களே, எவ்வளவு நிறம் நீங்கியது என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். எவ்வளவு உப்பு மிஞ்சியது, சாயம் ஏறிய கரியை யார் சுமந்தார், எங்கே கொட்டினார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.