விஜயதசமிக்குள் ஒரு நாவல்

யாத்திரை அனுபவமும் சமையல் குறிப்பும் படித்துப் பழகிய நம் சங்க அன்பர்கள், ராட்சசக் கதை எழுதியவன் பட்ட பாட்டையும் சற்றுக் கேளுங்கள்.

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கப் போகும்போதெல்லாம், பக்கத்து ஏரியைப் பற்றி அம்மா சொன்ன கதை நினைவுக்கு வரும். இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் டாகுரியா ஏரி தானாக உண்டானதல்ல. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கியது. தோண்டிய இடத்தில் ஒரு கதவு இருந்தது, ஒன்பது படி இறங்கினால் ஓர் ஊர் என்பது அம்மா விட்ட சரடு. ஓய்வு பெற்றபின் அதை நாவலாக எழுதினேன். கையெழுத்தில் 312 பக்கம்.

எழுதிவிடலாம் ஸ்வாமி, திருத்துவதுதான் கஷ்டம்! டோல்கீன் 1937 டிசம்பரில் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-இல்தான் அச்சில் வரத் தொடங்கியது. எனக்கு அத்தனை அவகாசம் ஏது? அம்மாவுக்கு 86 வயது. எங்கள் மூன்றாம் மாடி இனி அவளுக்கு ஆகாது. விஜயதசமிக்கு மறுநாள் ஹவுரா–திருச்சி வண்டியில் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். இனி அவளுக்கு ஸ்ரீரங்கவாசம். கண்ணும் மங்கிவிட்டது. நான் படிக்க, அவள் கேட்க, அதற்குள் திருத்தி முடிக்க வேண்டும். கையில் இருந்தது 34 நாள்.

இந்த ஊர் சுகுமார் ராயை நினைத்துக்கொள்வேன். சத்யஜித் ராயின் தந்தை. காலா அசார் நோயில் படுத்தபடியே, 'சந்தேஷ்' இதழில் எழுதிய விசித்திரப் பாட்டுகளை 'ஆபோல் தாபோல்' என்ற நூலாக்கிக்கொண்டிருந்தார். படங்களும் அவரே வரைந்தவை. 1923 செப்டம்பர் 10 அன்று, 35 வயதில் காலமானார். நூல் வெளிவந்தது 19-ஆம் தேதி. இதை எண்ணினால் மத்தியானத் தூக்கம் எங்கே வரும்?

தினமும் மாலை காபிக்குப் பிறகு பத்துப் பக்கம் படிப்பேன். பாதாள அரசர்களின் வம்சாவளி வந்ததும் அம்மா குறட்டை விட்டாள். நான் மிகவும் பெருமைப்பட்ட அத்தியாயம் அது! அடித்துவிட்டேன். "ராட்சசன் ஏண்டா ஆபீஸ் மானேஜர் மாதிரி பேசறான்?" என்றாள். உண்மையில் என் பழைய மானேஜரை வைத்துத்தான் எழுதியிருந்தேன். அவனையும் வாயடைத்தேன். 312 பக்கம் 240 ஆயிற்று.

முடிவுதான் உறுத்தியது. முதலில் எழுதியதில் பையன் கீழேயே தங்கிவிடுகிறான். அதை அம்மாவிடம் படிக்க மனம் வரவில்லை. நவமி இரவு, பந்தல் டாக் முழக்கத்துக்கு நடுவே உட்கார்ந்து, அவன் வீடு திரும்புவதாக மாற்றினேன்.

மறுநாள் படித்து முடித்தேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை.

"ஒன்பதாவது படி இடிஞ்சு போச்சுன்னு முன்னாடி படிச்சியே, பின்னே எப்படிடா ஏறி வந்தான்?"

விழித்தேன்.

"எனக்காக மாத்தியிருக்கே. முதல்ல எழுதினதை எடு."

கசங்கிய தாள்கள் அலமாரியில் இருந்தன. மூட்டை முடிச்சுகளை ஒதுக்கிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.