லைட் போட்டா வரும் ராட்சத வண்டு: பெண் வண்டு எங்கே?

உங்கள் ஸ்மார்ட்போன் நீளத்துக்கு ஒரு வண்டு! அதுதான் 16 செ.மீ.க்கு மேல் வளரக்கூடிய டைட்டானஸ் நீள்கொம்பு வண்டு. 1771-ல் லின்னேயஸ் பெயரிட்ட இது பிரெஞ்சு கயானா, பிரேசில், பெரு, கொலம்பியா மழைக்காடுகளில் வாழ்கிறது.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

ராத்திரியில் வெள்ளைத் துணி கட்டி, பளிச்சென லைட் போட்டா ஆண் வண்டு தானா வந்துடும். பெண் வண்டு சிக்குவதே அபூர்வம். புழு எந்த மரத்தில் வளர்கிறது என்பதும் நீண்டகாலப் புதிர்.

இதில் என்ன சிக்கல்?

வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் வண்டே இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே யாரும் லைட் போடாமலும் இருந்திருக்கலாம். காடு வேகமாக அழியுது. வண்டு வளரும் மரமே தெரியாவிட்டால், எதைக் காப்பாற்றுவது?