தனித்தனியே சேர்த்தார்கள், ஒன்றாகப் பகிர்ந்தார்கள்

ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிறுவனங்கள் மண்வெட்டி கொடுக்கும். அடுத்த கொட்டிலில் இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. இடம்பெயர்ந்த நாம் எல்லோரும் கண்ட காட்சி இது. உதவ வருவோர் தமக்குள் பேசிக்கொள்ளாததால் வரும் குறை. அமெரிக்காவில் வாழும் யூத மக்கள் இதே சிக்கலை ஒரு காலத்தில் எவ்வாறு கையாண்டார்கள் என்று பார்ப்போம்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. துருக்கியர் ஆட்சியில் இருந்த பலஸ்தீன நாட்டில் யூதர் பட்டினியை எதிர்நோக்கினர். 50,000 டொலர் உடனே வேண்டும் என்று துருக்கியிலிருந்த அமெரிக்கத் தூதுவர் ஹென்றி மோர்கெந்தோ நியூயோர்க்குக்குத் தந்தி அடித்தார். பணம் விரைவில் சேர்ந்தது. ஆனால் போர் பரவியபோது கிழக்கு ஐரோப்பாவிலும் இலட்சக்கணக்கான யூதர் வீடு வாசல் இழந்தனர்.

அமெரிக்க யூதரோ ஒரே மனத்தினர் அல்லர். பழைய ஆசாரம் வழுவாத சமயப் பற்றாளர் ஒரு குழு அமைத்தனர். முன்பே குடியேறி வசதி பெற்றவர்கள் வேறொன்று அமைத்தனர். 1915இல் தொழிலாளர் மூன்றாவது குழுவைத் தொடங்கினர். வழிபாட்டிலும் அரசியலிலும் இவர்கள் ஒத்துப்போகாதவை பல.

அவர்கள் தங்கள் குழுக்களைக் கலைக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் மக்களிடம் தன் வழியில் பணம் சேர்த்தது. பகிர்வதற்கு மட்டும் 1914 நவம்பரில் ஒரு பொதுக் குழு பிறந்தது. 'கூட்டுப் பகிர்வுக் குழு' என்பதே அதன் பெயர். தொழிலாளர் குழுவும் பின்னர் அதில் இணைந்தது. எங்கே தேவை, யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் ஒரே மேசையில் இருந்து தீர்மானித்தனர்.

போருக்குப் பின் இக்குழு போலந்தின் ஊர்களில் வட்டியில்லாக் கடன் சங்கங்களுக்குக் கைகொடுத்தது. குழு ஒரு பங்கு முதலிட, ஊரவரும் தம் பங்கை இட்டனர். சிறு வியாபாரியும் தையற்காரரும் கடன் பெற்றனர். திரும்பி வந்த பணம் அடுத்தவருக்குப் போனது. ஏழையிடம் வட்டி வாங்காதே என்ற மோசேயின் சட்டம் அங்கே உயிர் பெற்றது.

பிணக்குகளும் இருந்தன. சேரும் பணம் பலஸ்தீனத்துக்கா, ஐரோப்பாவுக்கா என்று நிறுவனங்கள் நெடுங்காலம் இழுபறிப்பட்டன. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட பின்னரே, 1939இல் நிலையான பொது நிதி சேகரிப்பு உருவானது. அந்த ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போரும் வந்துவிட்டது. ஒற்றுமைக்குப் பிந்துவது எவ்வளவு ஆபத்து என்பதை இதில் காண்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்? கோயில் சபை, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் தத்தம் பெயரோடே இருக்கட்டும். ஆனால் மாதம் ஒருமுறை ஒரே பாயில் இருப்போம். யாருக்கு விதைநெல் கிடைத்தது, யாருக்கு மண்வெட்டி கிடைத்தது, யாருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று ஒரே பதிவேட்டில் எழுதுவோம். அடுத்த நிறுவனம் வரும்போது அந்தப் பதிவேட்டை முதலில் அதன் கையில் கொடுப்போம்.