என் நேரம் சரியில்லே!

கயத்தாறு என்றதும் உங்களுக்குக் கட்டபொம்மன் ஞாபகம் வரும். 1799-ல் வெள்ளைக்காரன் அவரைத் தூக்கில் போட்ட ஊர். 'சிவாஜி கணேசன் இடம் வாங்கிச் சிலை வெச்சாரே, அந்த ஊரா?' என்பார்கள். சாட்சாத் அதே ஊர்தான்! மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாலு வழிச் சாலையில் போனால், எங்கள் ஊர்ப் பக்கம் ராட்சசக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றாடி மாதிரியே நானும் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன், கையில் ஒரு ஸ்விஸ் வாட்ச்சை வைத்துக்கொண்டு!

அந்தக் கதைதான் இது. புதுச் சம்பளக் கவரோடு வாட்ச் கடைக் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் அவசியம் படிக்கணும்.

2019 கடைசி. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஆபீஸில் எனக்குப் புரமோஷன். எங்கள் மேனேஜர் கையில் ஒரு வெளிநாட்டு வாட்ச் உண்டு. மீட்டிங் நடுவே சட்டைக் கையை மெதுவாக ஏற்றி மணி பார்ப்பார். அவர் பார்ப்பதற்காக இல்லை, நாங்கள் பார்ப்பதற்காக! எனக்கும் அரிப்பெடுத்தது. சென்னைக்குப் போன இடத்தில் ஏ.சி. ஷோரூம் ஒன்றில் நுழைந்தேன். கை உறை போட்டுக்கொண்டு, ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி வாட்ச்சை எடுத்துக் காட்டினார் விற்பனையாளர். விலை 1,40,000 ரூபாய்.

"ரொம்ப ஜாஸ்தியா இருக்கே?"

"இது செலவு இல்ல ஸார்... இன்வெஸ்ட்மென்ட்!"

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். பன்னிரண்டு மாதத் தவணை. ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"எவ்வளவுல?"

"பதினாலாயிரம்மா." (ஒரு சைபரை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்!)

"ஏலே, மணி பாக்கதுக்கா பதினாலாயிரம்? அரைப் பவுனு எடுத்திருக்கலாமேல!"

ஸ்டீலுன்னா பாத்திரக் கடை!

2022 மார்ச். அப்பாவுக்கு நெஞ்சு வலி. பாளையங்கோட்டையில் சேர்த்தோம். ராத்திரிக்குள் ஒன்றரை லட்சம் கட்டணும். பேங்கில் இருந்தது நாற்பதாயிரம். எனக்குப் பதற்றமே இல்லை. 'நம்ம கையிலதான் இன்வெஸ்ட்மென்ட் இருக்கே!'

முதலில் எங்கள் ஊர் அடகுக் கடை. அண்ணாச்சி வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, தங்கமா?"

"இல்ல அண்ணாச்சி. ஸ்டீலு. ஸ்விஸ்!"

"ஸ்டீலுன்னா பாத்திரக் கடைக்கில்லா போவணும்!"

அடுத்து திருநெல்வேலி. பெரிய கடைதான். "புதுசு விப்போம் ஸார், பழசு எடுக்கதில்ல" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சென்னையில் பழைய வாட்ச் வாங்கும் ஒருவரைப் பிடித்து, போனில் படம் அனுப்பினேன்.

"பாக்ஸ் இருக்கா?"

"இருக்கு." (அதில் அம்மா வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறாள் என்று சொல்லவில்லை.)

"வாரன்டி கார்டு? பில்?"

"அது... வீடு மாத்தினப்போ..."

"ஐம்பத்தஞ்சாயிரம். அதுவும் நேர்ல கொண்டாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்."

அறுநூறு கிலோமீட்டர் போய் அவர் பார்க்கிற வரைக்கும் அப்பாவின் நெஞ்சு காத்திருக்குமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "ஒரு சைபர் கொறச்சுச் சொல்லிட்டேம்மா." அவள் திட்டவில்லை. வளையல் நாலையும் கழற்றி என் கையில் வைத்தாள். அது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதே அடகுக் கடை. அதே அண்ணாச்சி. உரைகல்லில் ஒரு உரசு, தராசில் ஒரு நிறுவை, பத்தே நிமிஷத்தில் பணம். அந்தப் பத்து நிமிஷத்தையும் என் ஸ்விஸ் வாட்ச் ரொம்பத் துல்லியமாகக் காட்டியது!

அப்பா பிழைத்துக்கொண்டார். வளையல்களை மீட்க எனக்குப் பதினாலு மாதம் ஆயிற்று.

யார் கட்டின வாட்ச்?

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? கோவிட் காலத்தில் ஏற ஆரம்பித்த பழைய வாட்ச்களின் விலை, உலகச் சந்தையில் உச்சிக்குப் போனது அந்த 2022 தொடக்கத்தில்தான்! ஊரெல்லாம் மழை, என் தலையில் மட்டும் குடை. ஏன்? பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

விலை ஏறியது எல்லா வாட்ச்சுக்கும் இல்லை. ரோலெக்ஸில் சில ஸ்டீல் மாடல்கள், படேக் பிலிப், ஆடமார்ஸ் பிகே என்று கை விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்களில் சில மாடல்களுக்குத்தான். இவற்றைக் கடையில் கேட்டால் 'இல்லை, பதிவு செய்து காத்திருங்கள்' என்பார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாத பணக்காரர் வெளியே கூடக் கொடுத்து வாங்குகிறார். படேக் பிலிப்பின் நாட்டிலஸ் 5711 என்ற ஸ்டீல் மாடலை 2021-ல் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். கடை விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் போனது! 2022 நடுவிலிருந்து அதுவும் சரிந்தது. உச்சியில் வாங்கினவர் பாடு என் பாடுதான், சைபர்தான் கூட.

மற்ற கம்பெனி வாட்ச்களின் கதை வேறு. நாம் கொடுக்கும் விலையில் சுங்க வரி இருக்கிறது, ஜி.எஸ்.டி. இருக்கிறது, கடை லாபம் இருக்கிறது, சினிமா நட்சத்திரத்தின் விளம்பரச் சம்பளமும் இருக்கிறது. திருப்பி விற்கும்போது இதில் எதையும் எவனும் தர மாட்டான். கடைப் படி இறங்கும்போதே கணிசமான தொகை போய்விடும்.

'நல்லா மணி காட்டுதே, அதுக்கு மதிப்பு இல்லையா?' என்று கேட்பீர்கள். இல்லை! 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம். இன்றைக்கு அந்தத் துல்லியம் பிளாட்பாரத்தில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆக, மணிக்குக் காசு இல்லை. பேருக்கும், கிடைக்காமைக்கும்தான் காசு.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல்! வேடிக்கை என்னவென்றால், அந்த மாதிரி டயல் புதிதாக வந்த காலத்தில் சரியாக விற்கவே இல்லை. விற்காததால் குறைவு, குறைவானதால் கிராக்கி. எது அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஜோசியராலும் ஆகாது. தவிர, அது பால் நியூமன் கட்டின கை. என்னுடையது ஷிப்பிங் பில் போடுகிற கை!

அப்பா கட்டின எச்.எம்.டி.

நம்ம ஊர்ச் சரக்கைப் பார்ப்போம். ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் ஆரம்பமானது எச்.எம்.டி. வாட்ச். மாப்பிள்ளைச் சீரில் 'காஞ்சன்' கேட்ட காலம் உண்டு. 2016-ல் மத்திய அரசு அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. பீரோவில் தூங்கிய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் திடீர் மவுசு! அப்போது சில நூறு ரூபாய்க்கு வாங்கியது, நல்ல நிலையில் இருந்தால் சில ஆயிரம் போகிறது. ஏறியிருக்கிற விலைவாசியைப் பார்த்தால் லாபம் என்று சொல்ல முடியாது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து 'ஒரிஜினல்' என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு, உஷார்!

அடுத்தது டைட்டன். தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி; ஓசூரில் தொழிற்சாலை. பங்குச் சந்தைப் புலி ராகேஷ் ஜுன்ஜுன்வாலா 2002-03 வாக்கில் அதன் ஷேரை வாங்க ஆரம்பித்தார். அவர் சொத்தில் கணிசமான பகுதி அதனால் வந்தது. நாம் வாட்ச் வாங்கினோம், அவர் வாட்ச் கம்பெனியை வாங்கினார்! இன்னொரு விஷயம்... டைட்டனுக்கு இன்று பெரும்பகுதி வியாபாரம் வாட்ச்சில் இல்லை, தங்க நகையில்தான். அம்மா சொன்னதை டைட்டன் கேட்டிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2019 கடைசியில் ஒரு பவுன் 29 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. என் வாட்ச் காசில் கிட்டத்தட்ட அஞ்சு பவுன். 2022 மார்ச்சில் பவுன் 38 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. செய்கூலி, சேதாரம் போனாலும் ஒன்றரை லட்சம் தேறியிருக்கும். அதைவிட முக்கியம், கயத்தாற்றிலேயே தேறியிருக்கும். விலை இருந்தால் மட்டும் போதாது ஸார், அவசரத்துக்கு வாங்க ஆள் இருக்கணும்!

ஆசை விடவில்லையா?

சரி, வாங்குங்கள். ஆனால்...

* கடன் வாங்கி வாட்ச் வாங்காதீர்கள். போனால் போகட்டும் என்கிற காசு கையில் இருந்தால் மட்டும்.

* பாக்ஸ், பில், வாரன்டி கார்டு மூன்றையும் பத்திரப் பதிவுக் காகிதம் மாதிரி பீரோவில் வையுங்கள். வெற்றிலை வேண்டாம்!

* கீறல் விழுந்தால் பாலிஷ் போட ஓடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேய்க்காத வாட்ச்சைத்தான் விரும்புகிறார்கள்.

* மெக்கானிக்கல் வாட்ச் என்றால் சில வருஷத்துக்கு ஒரு தரம் சர்வீஸ். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* வாங்குவதற்கு முன்னாலேயே, அதே மாடல் பழசு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதுதான் உங்கள் வாட்ச்சின் நிஜ விலை.

என் வாட்ச் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. விற்க மனசு வரவில்லை... வாங்கவும் ஆள் வரவில்லை! போன வாரம் அம்மா மணி கேட்டாள். ஸ்டைலாகக் கையை உயர்த்திப் பார்த்து, "நாலரை" என்றேன். அவள் எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல குடுத்தும் நாலரைதானா? இதுலயும் நாலரைதானல காட்டுது!"