திரிக நரம்புத் தூண்டல்

திரிக நரம்புத் தூண்டல் என்பது, மருந்தால் கட்டுப்படாத சிறுநீர் அவசரம், கசிவு, அடைப்பில்லாமலே சிறுநீர் தேங்குதல் ஆகியவற்றுக்கான ஒரு சிகிச்சை. அமெரிக்காவில் இது 1997 இல் அனுமதிக்கப்பட்டது. பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் பதிக்கப்படும் சிறு கருவி, மெல்லிய கம்பி வழியாகப் பெரும்பாலும் மூன்றாம் திரிக நரம்பருகே மின்துடிப்புகளை அனுப்புகிறது.

முதலில் கம்பியை மட்டும் பொருத்தி, கருவியை உடலுக்கு வெளியே அணிவித்துச் சோதிப்பர். அந்நாட்களில் நோயாளி கழிப்பறை சென்ற நேரம், கசிவு முதலியவற்றைக் குறித்து வரவேண்டும். தொல்லை பாதியளவாவது குறைந்தால்தான் பொதுவாக நிலையான கருவி பதிக்கப்படும். எனவே குறிப்பேட்டைச் சலிக்காமல் எழுதுவது நல்லது.

இது நோயை வேரோடு நீக்குவதில்லை. கருவியை நிறுத்தினால் தொல்லை பெரும்பாலும் திரும்பிவிடும். துடிப்பின் அளவை நோயாளியே கையடக்க இயக்கியால் மாற்றலாம். இடுப்புத்தளத்தில் இலேசான துடிப்பு உணரப்படலாம், வலி இருக்கக்கூடாது.

முதுகுவலி, மூட்டுவலிக்கு இயன்முறை மருத்துவத்தில் தரப்படும் டயாதெர்மி வெப்பச் சிகிச்சை இவர்களுக்கு முற்றிலும் ஆகாது. கம்பி சூடேறி நரம்புத் திசு கருகிவிடக்கூடும். வலிக்கு ஒத்தடம் என்று போகிறவர், சிறுநீர்க் கருவியைப் பற்றிச் சொல்ல மறப்பது இயல்புதான். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன்னும் கருவியின் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். எல்லா வகைக் கருவிகளும் அதற்கு ஏற்றவையல்ல.